எட்டாம் நாள் நூடில்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை தொண்டைமானாற்றில் ஒரு கலியாணவீடு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவர் இரண்டு மூன்று தடவை என்னை உற்று உற்றுப் பார்த்தார். வாராவாரம் பேப்பரில் படம் வருகிற ஆள் அல்லவா... அடையாளம் கண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இந்த வீட்டு எட்டுச்செலவுக்கு யப்பான் சாப்பாடு சமைச்சவர் நீங்கள்தானே?” என்றார்.

ஓம் என்றேன். அவர் தன் இலையில் இருந்த கறிகளை ஒருமுறை கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

இத்தனை வருஷமாக எழுதி எழுதி நான் சம்பாதித்த பெயர் இதுதான். செத்தவீட்டில் நூடில்ஸ் சமைத்தவன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சிரிப்பதற்காக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் இந்த வாரம் அப்படியே சினிமாப் பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கோபம் இல்லை.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்பும் வள்ளத்து எஞ்சினும் திருத்துகிறவன். எழுத்து எனக்கு ஓய்வுநேரத் தொல்லை. சில வருஷங்களுக்கு முன்னர், எஞ்சின் விற்கிற கம்பனி ஒன்று என்னைப் பயிற்சிக்காக யப்பானுக்கு அனுப்பியது. கோபே என்ற துறைமுகப் பட்டினம். மார்கழிக் குளிர். போட்டிருந்த இரண்டு சுவெட்டரும் போதவில்லை.

அங்கே ரயில் ஸ்ரேசனில் ஒருநாள், ரிக்கற் மெஷின் ஒன்றைத் தட்டித் தட்டி யாரோ ஏசிக்கொண்டிருந்தார்கள் — சுத்தமான வடமராட்சித் தமிழில். அந்த ஏச்சை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் கிழமைக்கணக்காக ஒரு தமிழ்ச் சொல் கேளாதவனின் காதில் அது தேவாரமாகத்தான் விழுந்தது. ஓடிப்போய் “தம்பி, எந்த ஊர்?” என்றேன்.

அவன்தான் ராசன். தொண்டைமானாற்றுப் பெடியன். கிரேக்கக் கம்பனியின் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் திருத்தவேலைக்காகக் கோபேயில் கட்டிக் கிடந்தது. அண்ணை, சாப்பிட்டாச்சோ என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கடை. கடை என்றால்... ஒரு நீட்டுப் பலகை, அதற்கு முன்னால் முதுகு சாயமுடியாத சில ஸ்ரூல்கள், வாசலில் துண்டு துண்டாக வெட்டித் தொங்கவிட்ட நீலச் சீலை. அவ்வளவுதான். மேலே ரயில் போனால் பலகையில் இருக்கிற கோப்பைகள் எல்லாம் கிலுகிலுக்கும். சுவரில் ஏதோ கடதாசிகள் ஒட்டியிருந்தன. சாப்பாட்டுப் பட்டியலாக இருக்கவேண்டும். ராசன் தன்னைக் காட்டி ஒரு விரலும் என்னைக் காட்டி ஒரு விரலும் நீட்டினான். ஓடர் முடிந்தது.

வந்தது இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு கோப்பை. சாயம் இறங்காத பிளேன்ரீ நிறத்தில் கொதிக்கக் கொதிக்கச் சாறு. அதற்குள் சுண்டுவிரல் தடிப்பில் வெள்ளையாக மாவுக் கயிறுகள். மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். ஆவியோடு எழும்பிய மணம் எனக்கு எங்கேயோ பழகிய மணம். என்னது? மாசி! யப்பான்காரன் மாசிக்கருவாட்டைத் தும்பு தும்பாகச் சீவி, அவித்து, வடித்து, அந்தத் தண்ணீரில்தான் உலகத்தையே நடத்துகிறான்.

கடை முழுக்க ஒரே உறிஞ்சல் சத்தம். கோட்டுப் போட்ட கிளாக்கர், மூட்டை தூக்குகிறவர், எல்லாரும் ஒரே சுருதியில். எங்கள் பக்கத்தில் கூழ் குடிக்கிற வீட்டில் கேட்குமே, அதே சத்தம். சத்தமில்லாமல் சாப்பிடவேண்டும் என்று சட்டம் போட்டவன் கட்டாயம் பசி இல்லாதவன் என்பது என் கட்சி. நானும் உறிஞ்சினேன். குளிருக்கு அது உள்ளே இறங்கிய சுகத்தை இப்போதும் மறக்கவில்லை.

ராசனைத் திரும்பிப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பேதிமருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தான். என்னடா தம்பி என்றேன். மாசி மணம் தனக்குச் சின்னனில் இருந்தே ஆகாதாம். வயிற்றைப் பிரட்டுமாம்.

பிறகு எதற்கு இந்தக் கடை? வேறு கடையே இல்லையா இந்த ஊரில்?

அவன் நாடியால் எதிர்ப்பக்கம் காட்டினான். பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்கார மனுஷி நின்றார். அறுபது வயது இருக்கும். இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டு ராசனின் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் முடிக்குமட்டும் உந்த மனிசி அங்காலை போகாது, அண்ணை. மிச்சம் விட்டால் ஏசும். ஊரைவிட்டு வெளிக்கிட்டாப்பிறகு நான் சாப்பிட்டனோ எண்டு பாக்கிற ஆள் உவ ஒருத்திதான்.”

கடைசித் துளியையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். மனுஷி தலையை ஆட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போனார். நானும் கடைசித் துளிவரை குடித்துவிட்டு என் கோப்பையைக் கவிழ்த்தேன். அதற்கு மாசி காரணமில்லை.

பிரியும்போது ஒன்று கேட்டான். பேப்பரில் தன்னைப் பற்றி எழுதினால், தான் அந்தச் சாப்பாட்டை விரும்பிச் சாப்பிடுவதாக எழுதவேண்டுமாம். அம்மா பேப்பரை வாசிப்பித்துக் கேட்பாவாம். பிடிக்காததைத் தின்றுகொண்டு திரிகிறான் என்று தெரிந்தால் அவவுக்குச் சோறு இறங்காதாம். இதில் என்ன வந்தது? எழுதினேன். தொண்டைமானாற்றுப் பெடியன் ஒருவன் யப்பான் நூடில்ஸை இரண்டு கோப்பை இழுத்த கதையை வாய்விட்டுச் சிரித்ததாகப் பலர் கடதாசி போட்டார்கள். லீவில் வந்தபோது ராசனும் கையையும் காலையும் ஆட்டி அதை இன்னும் பெருப்பித்திருக்கிறான். ராசனுக்கு யப்பான் சாப்பாடு என்றால் உயிர் என்பது ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது.

அந்த லீவு முடிந்து கப்பலுக்குப் போனவன்தான்.

போன வருஷக் கடைசியில் தந்தி வந்தது. சீனக் கடலில் புயல். கப்பலைக் காணவில்லை. கொஞ்சநாள் கழித்து இன்னொரு தந்தி. தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். உடம்பு இல்லை, உடைந்த பலகைகூட இல்லை. இரண்டு தந்திதான்.

தாயார் அழவில்லை. கப்பலைத்தானே காணேல்லை, பிள்ளையைக் காணேல்லை எண்டு ஆர் சொன்னது என்று கேட்டாராம். அந்தக் கரையில் இப்படிக் கேட்பது பைத்தியம் இல்லை. பாய்க்கப்பல் ஓடிய குடும்பங்கள் அவை. புயல் அள்ளிக்கொண்டுபோய் பர்மாக் கரையில் ஒதுக்கி, வீட்டில் காரியம் எல்லாம் செய்து முடிந்தபிறகு தாடியோடு படலையில் வந்து நின்ற மனிதர்களின் கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. எனவே தாயார் காத்திருந்தார். வருகிறவர்கள் துக்கம் விசாரிக்க வாய் திறந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாராம்.

ஆனால் ராசனுக்கு ஒரு தங்கை இருந்தாள். வசந்தி. அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பகுதியார் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பக்குவமாகச் சொல்லியனுப்பினார்கள். ஆள் இருக்கிறார் என்றால் இருக்கிறார், இல்லை என்றால் இல்லை... இரண்டுங்கெட்டான் வீட்டில் எப்படித் தாலி கட்டுவது? காரியத்தைச் செய்து துடக்குக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எங்களை விட்டுவிடுங்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. கடல் ஒரு பிள்ளையைக் கொண்டுபோனது போதாதென்று மற்றப் பிள்ளையின் வாழ்க்கையும் அந்தரத்தில் நின்றது.

ராசனின் அக்காவைக் கட்டியவர் உடுப்பிட்டியில் வாத்தியார். அவர் மாமியாரோடு மாதக்கணக்காக மன்றாடினார். அசையவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள் காலமை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சரி, செய்யுங்கோ என்றாராம். வாத்தியாருக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை.

ஒரேயொரு நிபந்தனை போட்டார். எட்டுச்செலவுக்குப் பிள்ளையின் யப்பான் சாப்பாடு வைக்கவேண்டும்.

எட்டுச்செலவு உங்களுக்குத் தெரியும். எட்டாம் நாள், போனவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது. சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. கள்ளுக் குடித்தவருக்குக் கள்ளு. அந்த ஒருநாளாவது அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. அப்படியிருக்க, தாய் மகனுக்குப் பிடித்ததை வைக்க ஆசைப்பட்டால் யார் மறுப்பார்கள்?

எட்டாம் நாள் காலமை வாத்தியார் மோட்டார் சைக்கிளில் சுன்னாகம் வந்து கராச் வாசலில் இறங்கினார். நான் பம்பு ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு நின்றேன். விஷயத்தைச் சொன்னார். அந்தச் சாப்பாட்டைக் கண்ட ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தானாம். இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளில் பக்கற்றில் நூடில்ஸ் வருகிறதே, அதை வாங்கினால் போதாதா என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்தாராம். அவர் அந்தத் தம்பியைக் கூட்டிவாருங்கோ என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவனுக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். சொல்வதா? செத்துப்போன பிள்ளை ஒளித்து வைத்ததை நான் எப்படிப் போட்டு உடைப்பது? கையைக் கழுவிவிட்டுப் பின்னால் ஏறினேன்.

முதலாம் நாள் காரியம் வாத்தியார் சொல்லித்தான் தெரியும். உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து சுடலைக்குக் கொண்டுபோய் எரித்தார்களாம். தாயார் படலைவரை வந்து, ஏதோ விறகுக்கட்டு வண்டியில் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாராம். கல்நெஞ்சுக்காரி என்று இனசனம் குசுகுசுத்ததாம்.

எட்டாம் நாள் அந்தக் குசினிக்குள் நான் சமையல் மாஸ்ரர். நினைத்துப் பாருங்கள். வீட்டில் எனக்குத் தேத்தண்ணி போடவே வராது. கோதம்பமாவை உப்புத்தண்ணீரில் குழைக்கச் சொன்னேன். குழைத்தார்கள். போத்தலால் உருட்டித் தட்டையாக்கிக் கத்தியால் நீட்டுநீட்டாக வெட்டச் சொன்னேன். வசந்தி வெட்டினாள். கண்ணீர் ஓட ஓட வெட்டினாள். தன் கலியாணத்துக்காக அண்ணனைச் சாகடித்துவிட்டோம் என்பதுபோல் அவள் முகம் இருந்தது.

சாறு வைக்க அவர்கள் ஒருவகைக் கடற்பாசியும் போடுவார்கள் என்று நான் வாயை விட்டுவிட்டேன். அங்கிருந்த சின்னம்மா ஒருவர், தாயாரின் தங்கை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்துக்குப் பசளையாய்த் தாழ்க்கிற சாதாளைப் பாசியைப் பிள்ளைக்குத் தின்னக் குடுக்கிறதோ என்று கேட்டார். பாசியைக் கைவிட்டோம். மாசி மட்டும். இடித்த மாசியைத் தாயாரே அள்ளிக் கொதிதண்ணீரில் போட்டார். மணம் எழும்பிக் குசினி முழுக்கப் பரவியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுப்பைப் பார்த்தபடியே என்னிடம் கடையைப் பற்றிக் கேட்டார். குளிருக்குள் இருந்தா சாப்பிடுகிறது, ஆர் போட்டுக் கொடுக்கிறது என்றெல்லாம் கேட்டார். அந்தக் கடைக்கார மனுஷியைப் பற்றிச் சொன்னேன். முடிக்குமட்டும் முன்னால் நிற்பார், மிச்சம் விட்டால் ஏசுவார் என்று சொன்னேன். தாயார் அகப்பையைச் சட்டியின் விளிம்பில் வைத்தார்.

“அவ நல்லாயிருக்கவேணும்” என்றார். பிறகு கிண்டத் தொடங்கினார்.

கடைசியில் வந்ததை என்ன பெயர் சொல்லி அழைப்பது? ரசமும் இல்லை, சொதியும் இல்லை. கயிறுகள் பாதி கரைந்து, மீதி ஒன்றோடொன்று ஒட்டி, கோபேக்காரன் கண்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனாலும் வீட்டில் இருந்த மிகப் பெரிய கோப்பையில் ஊற்றி ராசனின் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் சோறு, மரக்கறிகள், வடை, ஒரு பக்கற் சிகரெட். பொழுதுபட்டதும் விளக்கை வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. வாத்தியாரின் மனைவி விம்மினாள். வசந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயார் மட்டும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து, ரீ குடிச்சாச்சோ என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார்.

கதவைத் திறந்தபிறகு படைத்ததை எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். நூடில்ஸை மரியாதைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு எல்லாரும் சோற்றுக்கு மாறினார்கள். அப்போதுதான் சின்னம்மாவுக்கு ஏதோ உறைத்தது.

“அக்கா, ராசனுக்குச் சுறாவறை எண்டால் உயிரெல்லோ. அதை ஏன் வைக்கேல்லை?”

சந்தையிலை சுறா இல்லை என்றார் தாயார்.

எனக்குச் சுறுக்கென்றது. வாத்தியாரோடு காலமை வரும்போது பாலத்தடிச் சந்தையைக் கடந்துதான் வந்தோம். தென்னோலையில் சுறா வரிசையாகக் கிடந்தது. விலை கூவி ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிக்கிட்டபோது தாயார் படலைவரை என்னோடு கூட வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. அவன் உந்தச் சாப்பாட்டை விரும்பித்தான் சாப்பிட்டவனோ?”

என்ன சொல்வேன்? ஓம் அம்மா என்றேன்.

அவர் சிரித்தார். அன்று முழுக்க அந்த வீட்டில் நான் கண்ட ஒரே சிரிப்பு. நீங்கள் எழுதினதை வசந்தி வாசிக்கேக்கையே எனக்குத் தெரியும், அவன் சொல்லி எழுதுவிச்சிருக்கிறான் என்று சொன்னார். மாசி இடித்தால் வீட்டைவிட்டு ஓடுகிற பிள்ளையாம். தான் நம்பினதாகக் காட்டிக்கொண்டதால் அவனுக்கும் நிம்மதியாம்.

எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது. பிடிக்காது என்று தெரிந்துகொண்டா என்னைக் கூட்டிவந்து இவ்வளவும் செய்வித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் வசந்தி எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவளின்ரை கலியாணம் நடக்கவேணும். அதுக்கு இவையளுக்கு ஒரு படையல் வேணும், நான் வைச்சன். எட்டுக்குப் பிடிச்சதை வைக்கிறது செத்தவைக்கெல்லோ, தம்பி. என்ரை பிள்ளைக்குப் பிடிச்சதை நான் வைக்கேல்லை.”

சாஸ்திரம் பார்த்த மாப்பிள்ளை பகுதியார், எத்தனை உறவுக்காரர், வாத்தியார், நான்... எல்லாரும் கூடி நின்று அவருடைய பிள்ளையைச் சாகக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் நடுவிலேயே நின்று, மாசி இடித்துப் போட்டு, பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். அவர் சொல்வது நடக்கும் என்று நான் நம்புகிறேனா? இல்லை. சீனக் கடல் அப்படிப்பட்ட கடல் இல்லை. அவருக்கும் அது தெரியாமல் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை யாருக்கும் சொல்லமாட்டேன், எழுதவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் அவசரமாகக் கையை மறித்தார்.

“எழுதுங்கோ. கலியாணம் முடியட்டும், பிறகு எழுதுங்கோ. உங்கடை பேப்பர் கப்பல்காரரிட்டைக் கைமாறிக் கைமாறிப் போறதெண்டு அவன் சொல்லுறவன். எந்தத் துறைமுகத்திலையெண்டாலும் அவன்ரை கண்ணிலை படும். சுறாவறை வைக்காமல் அம்மா வழி பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டு எழுதுங்கோ.”

போன ஞாயிறு வசந்தியின் கலியாணம் முடிந்தது. ராசன், எழுதிவிட்டேன்.